குடிநீரும் பள்ளி ஆசிரியரும்

(இளங்கலை வேதியியல், மூன்றாம் ஆண்டு)

தண்ணீரைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் வள்ளுவரை முன்னிறுத்தித் தொடங்குவது ஆண்டு மலர்களின் மரபு. அம்மரபை மீறுவதற்கு ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். சமயநல்லூரில் எங்கள் தெருவிலுள்ள ஒரு திண்ணையிலிருந்து தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஒருநாள், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். திண்ணையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார். ஒன்றில் எங்கள் தெருக்குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். உலோகக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் நிற்கவைத்து, மின்சாரத்தில் இணைத்தார். ஓரிரு நிமிடங்களில் எங்கள் தண்ணீர் பச்சையாகிப் பின் பழுப்பாகிச் சேறுபோல் திரண்டது. அவருடையது பளிங்குபோல் அப்படியே இருந்தது. “பாத்தீங்களாக்கா, இதைத்தான் புள்ளைகளுக்குக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க” என்றார். கூடியிருந்த பெண்களின் முகம் வெளுத்துவிட்டது. எல்லாரும் என் சித்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். “டீச்சர், நீங்க சொல்லுங்க. இந்தத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா?”

சித்தி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிவியல் கற்பித்து வருபவர். அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. மின்னாற்பகுப்பைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய நானும் வாய் திறக்கவில்லை. மூன்று வீட்டார் முன்பணம் கொடுத்தார்கள்.

இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. குச்சிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது நேர்மின்வாயிலுள்ள இரும்பு கரைந்து நீரில் இறங்குகிறது. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வெளியேறி ஹைட்ராக்சைடு மிஞ்சுகிறது. இவை இரண்டும் சேர்ந்தால் முதலில் பச்சை நிறமும், காற்றுப்பட்டபின் துருநிறமும் கொண்ட இரும்பு ஹைட்ராக்சைடு வீழ்படிவாகும். அந்தச் சேறு எங்கள் தண்ணீரிலிருந்து வந்ததன்று, அவருடைய குச்சியிலிருந்து வந்தது. உப்புகள் ஏறக்குறைய முழுதும் நீக்கப்பட்ட நீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஆகவே அதில் எதுவும் நடப்பதில்லை. மறுநாள் சித்தியும் நானும் இரண்டு இரும்பு ஆணிகளையும் ஒன்பது வோல்ட் பாட்டரி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுச் செய்து பார்த்தோம். ‘சுத்தமான’ நீரும் பச்சையாகிப் பழுத்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. சித்திக்கு அத்தனை மகிழ்ச்சி இல்லை.

“சரி, அவன் காட்டினது பொய்யின்னு ஆச்சு. அப்ப நம்ம தண்ணி நல்ல தண்ணியா?” என்று கேட்டார்.

இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. விற்பவரின் வித்தையை உடைத்துவிட்டதால் நம் குழாய் நீர் தூயது என்று ஆகிவிடாது. அதை வேறு வழியில்தான் அறிய வேண்டும்.

நீரின் தரம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் உண்மையில் மூன்று வேறு கேள்விகள் அடங்கியுள்ளன. முதலாவது, உப்பும் கடினத்தன்மையும். மதுரைச் சமவெளியில் வைகைக் கரையை ஒட்டி ஆற்று வண்டல் உண்டு. கரையைவிட்டு விலகினால் பெரும்பாலும் கடும்பாறை நிலம். பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கிய நீர் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. பருப்பு வேகாததும், சோப்பு நுரைக்காததும், வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்குப் படிவதும் அதனால்தான். இவற்றை நாக்கும் கண்ணும் கண்டுபிடித்துவிடும். உடம்புக்கு இவற்றால் வரும் தீங்கோ ஒப்புநோக்கில் குறைவு. இரண்டாவது, புளோரைடு, நைட்ரேட் போன்றவை. இவற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கி வேலை செய்யும். மூன்றாவது, மலக்கலப்பினால் வரும் கிருமிகள். இவை ஒரே வாரத்தில் ஒரு தெருவையே படுக்கவைக்கும். நம் புலன்களுக்குத் தெரிவது மிகக் குறைந்த ஆபத்து. பெரிய ஆபத்துகள் புலனுக்கு எட்டுவதில்லை. மக்கள் ‘உப்புத் தண்ணி, நல்ல தண்ணி’ என்று பிரிக்கும் பிரிவு சமையலுக்குச் சரி, சுகாதாரத்துக்குப் போதாது. இப்போது பலர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் மொத்த உப்பின் அளவை மட்டுமே கூறும். சாக்கடை கலந்த குளத்து நீரில் அந்த எண் குறைவாக இருக்கக்கூடும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கென வகுத்த ஐ.எஸ். 10500 என்னும் தரநிர்ணயம் 2012-ல் இரண்டாம் முறையாகத் திருத்தப்பட்டது. அதன்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம். கடினத்தன்மைக்கு 200, பொறுக்கும் எல்லை 600. புளோரைடுக்கு 1.0, எல்லை 1.5. நைட்ரேட்டுக்கு மட்டும் 45, அதற்குமேல் சலுகையே இல்லை. ஈ.கோலி என்ற குடல் கிருமியோ 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடக் காணப்படக் கூடாது. உப்பில் நான்கு மடங்கு விட்டுக்கொடுக்கிற அட்டவணை கிருமியில் ஒன்றுகூட விட்டுக்கொடுக்கவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் அளப்பதற்கு அரசு ஆய்வுக்கூடங்கள் இருக்க, பள்ளி ஆசிரியர் எதற்கு என்று கேட்கலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971-ல் தொடங்கப்பட்டது. அதன் ஆய்வுக்கூடங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. ஆனால் ஓர் ஆய்வுக்கூடம் ஓர் ஊரின் நீரை ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பார்க்க இயலும். குழாய் உடைவதும், தொட்டியில் பல்லி விழுவதும், பிளீச்சிங் பவுடர் தீர்ந்துபோவதும் அந்த நாளைப் பார்த்து நடப்பதில்லை. ஊரில் தினமும் இருப்பவர், எழுதிவைக்கும் பழக்கமுள்ளவர், மக்கள் நம்பிக் கேட்பவர் என்று தேடினால் ஆசிரியர் முன்வரிசையில் நிற்கிறார். அன்று தெருவே சித்தியைத் திரும்பிப் பார்த்ததும் இதனால்தான்.

வேறொரு காரணமும் உண்டு. எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. பல்லின் மேற்பூச்சு உருவாகும் பருவத்தில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குழந்தை மிகுதியான புளோரைடு கலந்த நீரைக் குடித்தால் பல்லில் வெண்திட்டும், பின்னர் பழுப்புக் கோடும் விழும். அது பிறகு மாறாது. ஆறு வயதுக்குமேல்தான் நிலைப்பற்கள் முளைக்கின்றன. அவை முளைக்கும்போது குழந்தையின் வாயைத் தினமும் பார்ப்பவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஒரு வகுப்பில் ஒரு குழந்தைக்குக் கறை இருந்தால் அது பல் துலக்காத குறையாக இருக்கலாம். ஒரே தெருவிலிருந்து வரும் பத்துக் குழந்தைகளுக்கு, இரண்டு பக்கமும் ஒத்த பற்களில் ஒத்த கோடு இருந்தால் அந்தத் தெருவின் கிணற்றைப் பார்க்க வேண்டும். இது தெரியாத ஆசிரியர் அந்தப் பத்துப் பேரையும் ‘ஒழுங்காய்ப் பல் விளக்கு’ என்று திட்டிக்கொண்டிருப்பார். நாம் எல்லாரும் அந்தத் திட்டைக் கேட்டிருக்கிறோம்.

நம் நாட்டில் இந்த நோய் முதன்முதலாக அறிவியல் முறையில் பதிவானது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில். ஷார்ட் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் அதைப் பதிவு செய்தனர். மருத்துவர்களுக்கு முன்பே அப்பகுதி உழவர்கள் தம் உழவுமாடுகள் நடக்க இயலாமல் நொண்டுவதைக் கண்டிருந்தனர் என்பர். தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதனால் நெடுங்காலம் வருந்தின. அதற்கென்றே ஒகேனக்கல்லில் காவிரியிலிருந்து நீர் கொண்டுவரும் பெருந்திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. புளோரைடு நீரைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று எங்கள் தெருவில் பலர் நம்புகிறார்கள். கொதிக்கும்போது நீர்தான் ஆவியாகும், புளோரைடு தங்கிவிடும். எனவே அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. கிருமிக்குச் சரியான மருந்து இங்கே தவறான மருந்தாகிறது.

ஆசிரியரை நீர்ச் சோதனைக்குப் பழக்க வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கும் புதிதன்று. 2006-ல் மைய அரசு தொடங்கிய ஊரகக் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டத்தில், ஊராட்சிக்கு ஐந்து பேரைத் தேர்ந்து களச்சோதனைப் பெட்டியில் பயிற்சி தர வகை செய்யப்பட்டது. சுகாதாரப் பணியாளர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோருடன் ஆசிரியரும் அப்பட்டியலில் இடம்பெற்றார். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊருக்கு ஐந்து பெண்களைப் பயிற்றுவிக்கச் சொல்கிறது. தண்ணீர் சுமப்பவர் கையில் சோதனையையும் கொடுப்பது நியாயமே. அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆயினும் ஆசிரியர் என்ற சொல் சற்றே பின்னுக்குப் போய்விட்டதாகத் தோன்றுகிறது. ஐந்து பெண்களுக்குச் சந்தேகம் வந்தால் அவர்களும் பள்ளிக்கூடத்துக்குத்தானே போவார்கள்?

சித்தியும் முன்பொருமுறை அப்படியொரு பயிற்சிக்குப் போனவர்தாம் என்பது அந்தத் திண்ணை நிகழ்ச்சிக்குப் பிறகே எனக்குத் தெரிந்தது. ஒரே நாள். காலையில் வரவேற்புரை, பின்பு நீரின் முக்கியத்துவம் பற்றிய சொற்பொழிவு, மதியச் சாப்பாடு. அதன்பின் ஒருவர் மேடையில் நின்று பெட்டியைத் திறந்து செய்து காட்டினார். நூற்றுக்கு மேற்பட்டோர் கீழே அமர்ந்து பார்த்தனர். கையொப்பமிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு கலைந்தனர். பெட்டி பள்ளி அலமாரியில், சென்ற சரஸ்வதி பூஜையின் காகிதத் தோரணத்துக்குப் பக்கத்தில், சீல் பிரிக்காமலே இருந்தது. “ஏன் சித்தி பிரிக்கல?” என்றேன். “தப்பாப் பார்த்துட்டு ஊரையே பயமுறுத்திட்டா என்ன செய்யிறது?” என்றார். சோம்பலைத் திட்டலாம், இந்தப் பயத்தைத் திட்ட முடியாது. தன் கையால் ஒருமுறை தப்பாகச் செய்து, ஏன் தப்பு என்று கண்டு, மறுபடி சரியாகச் செய்தவருக்குத்தான் இந்தப் பயம் போகும்.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் நாட்டிலேயே இருந்தது. 1972-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், ஆசிரியர்கள் விடுமுறைப் பயிற்சிக்கு வந்து, மாணவர் செய்ய வேண்டிய சோதனைகளைத் தாமே செய்தனர். பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆய்வு நிறுவனங்களிலிருந்தும் வந்த விஞ்ஞானிகள் அவர்களுடன் அமர்ந்தனர். பிறகும் மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது ஓடவில்லை என்று பேசினர். 1978-ல் மாவட்டம் முழுதும் பரவிய அத்திட்டம் 2002-ல் நிறுத்தப்பட்டது. அது நீருக்கென வந்த திட்டமன்று. ஆயினும் பயிற்சி ஒரு நாள் விழாவாக முடியாமல் தொடர்ந்து நடக்க வேண்டும் என்பதை அது செய்து காட்டியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1984-ல், ஹியூரான் ஆற்றில் பாய்ப்பலகை விளையாடிய மாணவர் சிலருக்கு மஞ்சட்காமாலை வந்தது. அவர்கள் பள்ளி ஆசிரியரும், வில்லியம் ஸ்டாப் என்ற பல்கலைக்கழகப் பேராசிரியரும் சேர்ந்து மாணவர்களைக்கொண்டே ஆற்று நீரைச் சோதித்தனர். அதிலிருந்து வளர்ந்த பள்ளிகளின் ஆற்றுக் கண்காணிப்பு வலைப்பின்னல் பிற்பாடு பல நாடுகளுக்குப் பரவியது. ஆசிரியர், கல்லூரி, சோதனைக்குரிய ஓர் ஆறு ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுகூடின. இங்கே வைகை இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவும் சாக்கடையாகவும் இருந்தாலும் இருக்கிறது.

சித்தியுடன் அந்தப் பெட்டியைப் பிரித்தபோது நான் கற்றது என்னவென்றால், இரசாயனத்தைவிட மாதிரி எடுப்பதுதான் கடினம் என்பது. கைப்பம்பில் முதல் குடத்து நீர் குழாய்க்குள் தேங்கிய நீர். சில நிமிடம் அடித்து விட்டபின் வருவதே நிலத்தடி நீர். இரசாயனச் சோதனைக்கு அந்த நீராலேயே புட்டியை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். கிருமிச் சோதனைக்கோ அலசவே கூடாது. கொதிநீரில் தூய்மை செய்த புட்டியின் மூடியை நேராக அங்கே திறந்து, விரல் படாமல் பிடிக்க வேண்டும். கல்லூரியில் மூன்றாண்டுகளாகப் பிப்பெட் பிடித்த எனக்கே இது புதிது. நமக்கு மாதிரி எப்போதும் மேசைமேல் புட்டியில் தயாராக இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை.

நிறச் சோதனைகள் எளியவை. கடினத்தன்மைக்கு ஈ.டி.டி.ஏ. கரைசலைத் துளித்துளியாக விட்டு, செந்நிறம் நீலமாகும்வரை துளிகளை எண்ணினால் போதும். புளோரைடுக்குச் சிர்கோனியம்–அலிசரின் வினைபொருள்: புளோரைடு கூடக்கூடச் சிவப்பு வெளுத்து மஞ்சளை நோக்கிப் போகும். இங்கே ஆசிரியர் அறிய வேண்டியது, நிற அட்டையோடு ஒப்பிடும் முடிவு தோராயமானது என்பதே. 1.4 என்றும் 1.6 என்றும் பிரித்துச் சொல்ல இந்தப் பெட்டியால் ஆகாது. ‘ஐயமுண்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பு’ என்று சொல்ல ஆகும். அவ்வளவுதான் அதனிடம் கேட்க வேண்டும். மதுரை வெயிலில் அலமாரிக்குள் இரண்டு கோடை கழித்த வினைபொருளை நம்பலாகாது என்பதும் கூடவே அறியத்தக்கது. எங்கள் பெட்டியில் பாதிப் புட்டிகள் காலாவதியாகியிருந்தன; அவற்றை ஒதுக்கிவிட்டோம்.

கிருமிச் சோதனைக்கு நம் நாட்டார் கண்ட எளிய வழி ஒன்று உண்டு. குவாலியரிலிருந்த பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூவர் 1982-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அதை வெளியிட்டனர். மலக்கலப்புள்ள நீரில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் காணப்படும். அவற்றுக்கு உணவும், கந்தகம் தரும் தயோசல்பேட்டும், இரும்பு உப்பும் ஊறிய காகிதத் துண்டு ஒரு சிறு குப்பியில் இருக்கும். கோடிட்ட அளவுக்கு நீரை நிரப்பி ஓரிரு நாள் வெதுவெதுப்பில் வைத்தால், கிருமி இருந்தால் இரும்பு சல்பைடு உண்டாகிக் குப்பி கறுத்துவிடும். நம் ஊர்க் கோடையில் தனியே சூடேற்றும் கருவிகூடத் தேவையில்லை. இதற்கும் குறையுண்டு: சில கிணற்று நீரில் இயல்பாகவே சல்பைடு இருக்கும், அது கிருமியின்றியும் உடனே கறுப்பாகும். கறுத்த குப்பியைத் திறந்து முகரக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிச் சிறிது நேரம் வைத்துக் குழியில் கொட்ட வேண்டும்.

புதிதாக வாங்கிய குப்பிகளில் மூன்றை நிரப்பினோம்: தெருக்குழாய், பள்ளிக் கைப்பம்பு, பள்ளியில் குழந்தைகள் குடிக்கும் பிளாஸ்டிக் தொட்டி. இரண்டாம் நாள் காலை முதல் இரண்டும் மாறாமலிருந்தன. தொட்டி நீர் மட்டும் மைபோல் இருந்தது. தொட்டிக்கு நீர் வருவது அதே தெருக்குழாயிலிருந்துதான். ஆகவே கேடு வழியில் சேரவில்லை, பள்ளிக்குள்ளேயே சேர்ந்தது. மேலே ஏறிப் பார்த்தால் மூடி பாதி உடைந்திருந்தது. உள்ளே காக்கை எச்சமும் அரசிலையும் கிடந்தன.

அன்று சித்தி நடத்திய ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை நான் மறக்க மாட்டேன். தொட்டி 1000 லிட்டர். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் மொத்தம் ஒரு கிராம். பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு 25 பங்கு குளோரின் என்றால் எத்தனை கிராம் போட வேண்டும்? நான்கு கிராம் என்று கைகள் உயர்ந்தன. “பை திறந்தே கெடந்து, பவுடர் நமத்து, பத்துப் பங்குதான் இருக்குன்னா?” என்றார் அடுத்தபடியாக. அப்போது நான்கு கிராம் போட்டால் கிடைப்பது 0.4 கிராம். அளவாகப் போட்டோம் என்று எண்ணிக்கொண்டே பாதிக்கும் குறைவாகப் போட்டிருப்போம். ஆதலால்தான், போட்டு அரை மணி கழித்துக் குழாயில் எஞ்சிய குளோரின் 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று நிறம் பார்த்து உறுதி செய்கிறார்கள். விகிதாசாரக் கணக்கை நான் பள்ளியில் ஆட்கள் சுவர் கட்டிய கணக்காகத்தான் படித்தேன்.

சோதனை முடிந்தபின் யாரிடம் சொல்வது என்பதுதான் பயிற்சிகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது. பள்ளித் தொட்டியென்றால் தலைமையாசிரியரோடு முடிந்துவிடும். ஊர்க் கிணறு கறுத்தால்? ஊராட்சித் தலைவர், தண்ணீர் திறந்துவிடும் தொட்டி இயக்குபவர் ஆகியோர் எல்லாம் அறிந்த முகங்கள், சிலர் அவரிடமே படித்தவர்கள். ‘உன் வேலை சரியில்லை’ என்று அது அவர்கள் காதில் விழும். ஆகவே ஆசிரியர் எழுதித் தர ஒரு படிவம், அது போய்ச் சேர ஓர் ஆய்வுக்கூடம், இத்தனை நாளுக்குள் பதில் என்ற ஏற்பாடு ஆகியவை பெட்டியோடு சேர்ந்து வர வேண்டும். 2021 முதல் அரசின் நீர் ஆய்வுக்கூடங்களில் பொதுமக்களும் குறைந்த கட்டணத்தில் மாதிரி கொடுத்துச் சோதிக்க வழிசெய்யப்பட்டுள்ளது. இது பலருக்குத் தெரியாது.

நம் கல்லூரி வேதியியல் துறை சனிக்கிழமைகளில் ஆய்வுக்கூடத்தைச் சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று துறைத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். இருபது பேர்; ஆளுக்கொரு புட்டி; தத்தம் பள்ளியின் நீர். ஒரே மாதிரியை அவர்கள் பெட்டியிலும் நம் பியூரெட்டிலும் அளந்து, வேறுபாடு எவ்வளவு என்று அவர்களே பார்க்கட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் வரட்டும். செலவு அதிகமில்லை, மூன்றாம் ஆண்டு மாணவர்களாகிய நாங்கள் குடுவை கழுவத் தயார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பள்ளித் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, நான்கு கிராம் கணக்குப்படி பவுடர் கரைத்து ஊற்றிய பிறகு வைத்த குப்பியும் இரண்டாம் நாள் சாம்பல் நிறம் காட்டியது. மூடியை மாற்றவில்லை, காக்கை மறுபடி வந்திருந்தது. புது மூடிக்குப் பெற்றோர் ஒருவர் பணம் கொடுத்தார். அதன்பின் வைத்த குப்பி நிறம் மாறவில்லை. அடுத்ததைத் தானே நிரப்புவேன் என்று ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சித்தியிடம் பெயர் கொடுத்திருக்கிறாள்.